பத்தியக்கா கதிரை போட்ட வீடுகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். பத்தியக்காவிடம் ஒரு பைக்கற் சரக்குத்தூள் வாங்குவதுதான் கஷ்டம். கப்பலுக்குப் பத்திரங்கள் சரியாக இருந்தால் போதும். பத்தியக்காவுக்கு வீட்டுக்காரன் சரியாக இருக்கவேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் பத்தியக் கறிக்குப் போடுவதுதான் சரக்குத்தூள். மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்தது. அதைப் பைக்கற்றில் அடைத்து விற்றபடியால் அந்த அம்மாளுக்குப் பத்தியக்கா என்று பெயர். வியாபாரப் பதிவில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்தது. பதிந்த கிளார்க்கைத் தவிர ஒருவரும் அதை உபயோகித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது, எங்கள் மகள் பிறந்த பதினோராம் நாள். ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தோம். என் மனைவி சுமதியின் அம்மா, மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய் அங்கே பனிக்குள் மாட்டுப்பட்டிருந்தார். எனக்கு அம்மா இல்லை. சமையலில் எனக்குத் தெரிந்தது தேத்தண்ணி ஒன்றுதான். அதிலும் சீனி கூடிப்போகும். கந்தோரில் கூட வேலைசெய்யும் ஒருவர் தந்த நம்பருக்கு எடுத்து, விலாசமும் சொல்லி, ஒரு பைக்கற் சரக்குத்தூள் வேணும் என்றேன்.

"ஆர் சமைக்கிறது?" என்றது ஒரு பெரிய குரல்.

"மனிசிதான்."

"பிள்ளை பெத்தது ஆர்?"

"அதுவும் அவதான்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வியாபாரம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன். தேத்தண்ணி ஆறமுன் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவரே இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. பின்சீற்றில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதைத் தூக்கிக்கொண்டு, என்னை ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றி, உள்ளே போனார்.

சுமதியிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "தங்கச்சி, நேற்று எவ்வளவு நேரம் நித்திரை கொண்டனீங்கள்?"

சுமதி யோசித்துப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழத் தொடங்கினாள். அந்தப் பதினொரு நாளும் நான் அவளிடம் ஆயிரம் விஷயம் கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை.

பத்தியக்கா பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தார். அறைக்கதவைச் சாத்தினார். கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அன்று பிள்ளை பார்க்க வந்த உறவினர் மூன்று பேர். இரண்டு பேர் கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுமதியின் சித்தப்பா மட்டும், "நான் சொந்தக்காரன்" என்று கொஞ்சம் இழுத்தார்.

"அப்ப நல்லது. குசினியில பாத்திரம் கிடக்கு, கழுவுங்கோ" என்றார் பத்தியக்கா.

சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கழுவினார்.

பத்தியக்கா இருந்த இடத்திலிருந்தபடியே எனக்குச் சமையலும் சொல்லித்தந்தார். நான் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அகப்பையுடன் குசினிக்குள் நின்றேன்.

"உப்புப் போட்டனீங்களா?"

"போட்டனான்."

"திரும்பவும் போட்டனீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"முதல் போட்டது ஞாபகமில்லை."

"பிள்ளையைப் போட்டிடாதேங்கோ" என்றார். கறி உப்பில் கைத்தது. சுமதி நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு எழும்பி, அதையே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கிழமை, பைக்கற்றில் ஒட்டும் லேபலுக்கு வசனம் எழுதித்தரும்படி கேட்டு வந்தார். நான் 'பாரம்பரிய மணம், தாய்மையின் பலம்' என்று எழுதிக் காட்டினேன். அதைப் பிள்ளையின் மூக்குத் துடைக்கப் பாவித்துவிட்டு, தானே சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தார்.

'எச்சரிக்கை. பிள்ளை பெற்றவர் இதைச் சமைக்கக் கூடாது. வேறு ஆள் சமைக்க வேண்டும். சமைத்த ஆள் சட்டியையும் கழுவ வேண்டும். சாப்பிடும்போது பிள்ளையை இன்னொரு ஆள் வைத்திருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கீழே உள்ள நம்பருக்கு எடுக்கவும். ஆள் வரும்.'

லேபல் பைக்கற்றைவிட நீளமாக இருக்கிறது என்று அச்சகத்தில் சொன்னார்கள். பத்தியக்கா பைக்கற்றைப் பெரிதாக்கினார்.

ஆளும் வந்தது. முதலில் அவரே போனார். பிறகு, அவர் போன வீட்டுப் பெண்களே மற்ற வீடுகளுக்குப் போனார்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்து கை ஓய்ந்தவள், நேற்றுப் பெற்றவளின் வீட்டில் ஒரு பகல் இருப்பாள். சுமதியும் போனாள். ஒருநாள் கந்தோரால் வந்து, "சாப்பாடு எங்கை?" என்றேன். "கப்பல்துறையில" என்று போனில் பதில் வந்தது. அந்த ஊரில் யாரோ ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகளாம்.

இவர்கள் கூடிக் கதைக்க ஒரு இடம் வேண்டுமென்று, உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற வீதியில் பூட்டிக் கிடந்த வலைக் களஞ்சியம் ஒன்றைப் பத்தியக்கா வாடகைக்கு எடுத்தார். பாய் விரித்தார். மீன் மணத்துக்குச் சாம்பிராணி போட்டார். அதன்பிறகு மீனும் சாம்பிராணியும் சேர்ந்து மணத்தன. வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'உள்ளே புத்தி சொல்லக் கூடாது.'

புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். சட்டம் ஒன்றுதான். யாராவது தன் மனதில் உள்ளதைச் சொன்னால், மற்றவர்கள் 'ஓம்' என்று மட்டும் சொல்லலாம். 'பால் சுரக்க உள்ளி சாப்பிடு' என்று சொல்லக் கூடாது. 'என்ர பிள்ளை அப்பிடி இல்லை' என்று சொல்லவே கூடாது. கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்த பரீனா என்ற இளம் தாய், தன் மாமியாரின் பேச்சை ஒரு மணித்தியாலம் நடித்துக் காட்டினாள். முப்பது பேர் ஓம் என்றார்கள். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சிங்களத் தாயும் வருவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல். அந்த இடத்தில் அது தாராளம்.

ஒரு முறை, ஊரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 'தாய்மாரின் கடமைகள்' என்று எட்டுப் பக்க உரையோடு வந்துவிட்டார். பத்தியக்கா மரியாதையாக வரவேற்று இருத்தினார்.

"ஐயா எத்தினை பிள்ளை பெத்தனீங்கள்?"

"நாலு."

"நீங்களோ?"

ஐயா உரையின் முதல் பக்கத்தைப் பிரித்தார். அதற்குள் அவர் தோளில் ஒரு பிள்ளை சாத்தப்பட்டது. அது உடனே நித்திரையாகிவிட்டது. அசைந்தால் எழும்பிவிடும் என்று முப்பது பெண்கள் கண்ணால் எச்சரித்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருந்தார். போகும்போது, "அடுத்த புதனும் வரலாமோ?" என்று கேட்டார் என்பது சுமதி சொன்ன தகவல். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

இப்படியிருக்க, சரக்குத்தூளின் புகழ் கொழும்புக்கு எட்டியது. பல கிளைகள் உள்ள ஒரு பெரிய கடைக்காரர், எல்லாக் கிளைக்கும் வாங்கத் தயார் என்றார். ஒரே நிபந்தனை, லேபலைச் சுருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை இரண்டு பேர் வருவதாக ஏற்பாடு. லேபல் விஷயம் என்பதால் என்னையும் வரச் சொன்னார் பத்தியக்கா. நான் அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

கொழும்புக்காரர் இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. அப்போது பத்தியக்காவின் போனில் ஒரு செய்தி. வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

குச்சவெளியிலிருந்து பவானி எழுதியிருந்தாள். முதல் பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம். இரண்டு புதன் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் மூலையில் இருந்துவிட்டுப் போனவள். 'அக்கா இனி வரமாட்டன். இந்தப் பிள்ளைக்கு நான் இல்லாட்டித்தான் நல்லம்.'

பத்தியக்கா உடனே பவானிக்கு எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. குச்சவெளி மிட்வைஃபுக்கு எடுத்து, ஒரு நிமிஷமும் பிந்தாமல் அந்த வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு கொழும்புக்காரரிடம், "நீங்கள் இருங்கோ, நான் போட்டு வாறன்" என்றார்.

"எத்தனை மணிக்கு மிஸ் வருவீங்க?"

"தெரியாது."

வெளியே வந்து ஓட்டோவைக் கிளப்பினார். பவானிக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததால் என்னையும் ஏற்றினார். கரையோர வீதியில் நிலாவெளியைத் தாண்டிய வேகத்தை இங்கே எழுதினால், அவருடைய லைசன்ஸைப் பறித்துவிடுவார்கள். ஒரு கையில் போனும் மறு கையில் கதிரையும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத ஒன்றிரண்டையும் கூப்பிட்டேன். வழி முழுக்கப் பத்தியக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நான் அறிந்த காலத்தில் அதுதான் முதல் தடவை.

மிட்வைஃப் எங்களுக்கு முந்தியே வந்து பவானியின் பக்கத்தில் இருந்தார். பவானி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கணவன் கடலுக்குப் போயிருந்தான். அவனுடைய அம்மா வாசலில் நின்று பிள்ளையை ஆட்டியபடி எங்களிடம் முறையிட்டார். "ஒரே படுக்கை. பிள்ளை கத்தினாலும் எழும்பமாட்டா. எங்கட காலத்தில நாங்கள் இப்பிடியோ?"

பத்தியக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். கன நேரம் சும்மா இருந்தார். கடைசியில் பவானியே சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நித்திரை வருகுதில்லை அக்கா."

"ஓம்."

"பிள்ளை அழுதால் எனக்கு ஒண்டும் வருகுதில்லை. மரம் மாதிரிக் கிடக்கிறன். கிணத்தைப் பார்க்கப் பயமாக் கிடக்கு."

"ஓம், ராசாத்தி."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் முற்றத்துக்குப் போய் நின்றேன்.

மாமியார் பொறுக்க முடியாமல் உள்ளே போய், "நான் பெத்து மூண்டாம் நாள் எழும்பி நடந்தனான்" என்று தொடங்கினார்.

பத்தியக்கா எழும்பி, அந்தக் கதிரையை அவருக்கு விட்டார். "இருங்கோ அம்மா. உங்களை ஆர் பார்த்தது?"

"என்னையோ?" மாமியார் பிள்ளையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். "என்னை ஆர் பார்த்தது? இடம்பெயர்ந்து போய், ஒரு பள்ளிக்கூடத்தில, பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்குக்குக் கீழ பெத்தனான். சுடுதண்ணி தர ஒரு சனம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான். நடக்காமல் என்ன செய்யிறது?" சொல்லச் சொல்ல அவருடைய குரல் உடைந்தது. "ஒருத்தரும் பார்க்கேல்லை."

மூன்றாம் நாள் நடந்தேன் என்று அவர் பெருமை பேசியது எல்லோருக்கும் பழக்கம். அழுததை அன்றுதான் பவானி முதல் முறை பார்த்தாள். மெல்லத் திரும்பி, மாமியாரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே, பவானி, பிள்ளை, மாமியார் மூவரையும் அதே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பத்தியக்கா திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு இடமில்லை, கதிரையோடு பஸ்ஸில் வந்தேன். இது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு வருகிற நோய், குணப்படுத்தலாம் என்று டொக்டர் சொன்னார். மருந்து தந்தார். பவானி தேறி வர மாதங்கள் பிடித்தன. இடையில் இரண்டு தரம் மறுபடி சோர்ந்து போனாள். ஒரு நாளாவது அவள் தனியே இருக்காதபடி, இங்கிருந்து ஒவ்வொருத்தியாகப் பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போனார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் குச்சவெளிக் கூட்டத்தை நடத்துகிறவள் பவானிதான். மாமியார் பிள்ளையை வைத்திருக்கிறார். புத்தி சொல்ல வாய் உன்னும்போதெல்லாம் எழும்பி வெளியே போய், கோழிகளுக்குச் சொல்லிவிட்டு வருகிறாராம்.

கொழும்புக்காரர் இரண்டு மணிவரை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் ஆளுக்கொரு பிள்ளையை வைத்திருந்து பழகியிருந்தார்களாம். திரும்பி வரவில்லை. நான் கவலைப்பட்டேன். பத்தியக்கா, "லேபலைச் சுருக்கினால் அது வெறும் மிளகுதூள்தானே?" என்றார்.

இவ்வளவு பாடுபடுகிறாரே, இவருக்கு ஏதோ ஒரு பெரிய துயரம் நடந்திருக்க வேண்டும் என்று ஊரில் பல கதைகள் இருந்தன. எழுதுகிறவன் என்ற முறையில் நானும் இரண்டொன்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார். "எனக்கு மூண்டு பிள்ளையள். மூண்டு தரமும் அம்மா, மாமி, அவர், அக்கம்பக்கம் எல்லாரும் தாங்கு தாங்கெண்டு தாங்கினவை. எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். முதல் பைக்கற் குடுக்கப் போன வீட்டிலதான் இல்லையெண்டு தெரிஞ்சது. அண்டைக்கு வந்த கோபம், இன்னும் போகேல்லை."

தன்னைப் பற்றி எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதை வாசித்ததும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். வரட்டும். அவரைப் பார்த்தும் கன நாளாகிவிட்டது.