மூன்று வரிக் காவல் கோபுரம்

வரலாற்று வாத்தியாரின் கடிதம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். எழுத்துகள் பிரம்புக்குப் பயந்து வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நேராக இருந்தன. சாரம் இதுதான்: 'ஓடலாம் வாங்க' பக்கத்தில் 'மான்கால்' அவர்கள் எழுதிய, காட்டு வழியான பதினோராவது பாதையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பார்த்தாயிற்று. ஓடை இருக்கிறது. மூங்கில் புதர் இருக்கிறது. நானூறு ஆண்டு பழமையான காவல் கோபுரத்தை மட்டும் காணவில்லை. எந்தப் பக்கம் என்று தெரிவித்தால் நலம்.

'மான்கால்' கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு திறந்து இன்னொரு தடவை படித்தார். கோபுரம் அப்போதும் காணாமல்தான் இருந்தது.

அலுவலகத்தில் அவரைக் கட்டத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாரப் பத்திரிகைக்குப் பத்தொன்பது வருஷம் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்தவர். போன வருஷம் குறுக்கெழுத்தை நிறுத்தினார்கள். கூடவே அவரையும் நிறுத்துவதாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஓட்டப் பக்கம் எழுதிவந்தவன் வேறு பத்திரிகைக்கு ஓடிவிட்டான். எடிட்டர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டத்தார் ஒருவர்தான் சும்மா இருந்தார்.

"ஓட்டமெல்லாம் எப்படி?" என்றார் எடிட்டர்.

"ஏதோ ஓடிக்கிட்டிருக்கு சார்."

கட்டத்தார் குடும்பத்தைச் சொன்னார். எடிட்டர் காலைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கே 'மான்கால்' என்று புனைபெயரும் வைத்துவிட்டார்.

இரண்டாவது மாடியிலிருக்கும் அலுவலகத்துக்கு ஏறும்போது, முதல் மாடியில் குனிந்து ஷூ கயிறு கட்டுவது மான்காலின் வழக்கம். கட்டி முடிக்க மூன்று நிமிஷம் ஆகும். அந்த ஷூவில் கயிறே கிடையாது என்பதை யாரும் கவனித்ததில்லை. பாதைகளை அவர் நூலகத்து நிலவரைபடத்தை வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓடினார். ஆறு மாதத்தில் இருபத்தாறு பாதை. வாசகர்கள் உருகினார்கள். 'பனி விலகாத புல்வெளியில் கால் வைத்தபோது பூமி சிலிர்த்ததை உணர்ந்தேன்' என்று அவர் எழுதியது பல் மருத்துவமனை ஒன்றின் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

கோபுரம் வந்த கதை எளிது. பதினோராவது பாதையை அச்சுக்கு அனுப்பும்போது, பக்கம் கோர்ப்பவர் உள்ளேயிருந்து கத்தினார்: "சார், அடியில மூணு வரி காலியா நிக்குது!" கட்டத்தார் காலியாக ஒரு கட்டம் இருந்தால் தூங்காதவர். நானூறு வருஷத்துக் காவல் கோபுரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று வரிக்குச் சரியாக இருந்தது.

"உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, வாத்தியாரின் கடிதம் வந்த அன்று சாப்பிடும்போது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள் அவள். கணவருக்கு வருகிற பாராட்டும் திட்டும் முதலில் அவள் கையைத் தாண்டித்தான் வரும்.

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும். ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"அந்தக் காட்டுக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன். பஸ்ல. தூங்கிட்டேன்."

யோசித்து, அடுத்த வாரம் பதில் எழுதினார். 'கோபுரம் கொடிகளால் மூடப்பட்டிருக்கிறது. வேகமாக ஓடுபவர்களின் கண்ணில் படாது. மெதுவாக ஓடுங்கள்.'

இதற்குப் பதினொரு கடிதங்கள் வந்தன. பதினொரு பேரும் மெதுவாக ஓடிப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேர் தவழ்ந்ததாகவும் எழுதியிருந்தார்கள். வரலாற்று வாத்தியாருக்குக் கோபம். 'அறுபத்தெட்டு வயதில் என்னால் இதற்குமேல் மெதுவாக ஓட முடியாது. ஓடினால் அதற்குப் பெயர் நிற்பது.'

கட்டத்தார் கட்டம் போட்ட தாளை எடுத்தார். வனக்காவலர் குடிசையிலிருந்து இடது பக்கப் பிரிவு, ஓடையைத் தாண்டி முப்பது தப்படி, இரட்டைப் பாறைக்குப் பின்னால் என்று படமே போட்டுவிட்டார். வரைபடத்தில் அங்கே சதுப்பு நிலம் என்று குறித்திருந்தது. யாரும் போக மாட்டார்கள். கோபுரத்தையும் ஓரத்தில் வரைந்தார்: மூன்று அடுக்கு, வளைந்த வாசல், மேலே உடைந்த கைப்பிடிச் சுவர். படம் நன்றாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வாரம் சத்தமில்லை. வாசகர்கள் சலித்துப்போயிருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தபோது, அவர் வரியைச் சுவரில் மாட்டியிருந்த பல் டாக்டர் அம்மாவின் கடிதம் வந்தது. 'கோபுரத்தைப் பார்த்துவிட்டேன். நீங்கள் வரைந்தது வரைந்தபடியே இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். போனில் சார்ஜ் இல்லாததால் படம் எடுக்க முடியவில்லை.'

கட்டத்தார் கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது.

"எவ்வளவு படிச்ச பொம்பளை! இப்படி வாய் கூசாமப் பொய் சொல்லுது பாரு. வாசகர்களே இப்படி ஆரம்பிச்சா பத்திரிகைத் தொழில் என்னாகும்?"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த கடிதம் வாத்தியாருடையது. மூட்டு வலியால் அவரால் மறுபடி போக முடியவில்லை. ஆனால் டாக்டர் அம்மா விவரமாகச் சொன்னாராம். கோபுரத்தைப் பற்றி வரலாற்றுக் கழகத்தில் கட்டுரை படிக்கப்போகிறாராம். நானூறு ஆண்டு என்பதற்கு எந்தக் கல்வெட்டு ஆதாரம் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

இதற்கு மேல் வளரவிட்டால் ஆபத்து என்று கட்டத்தாருக்குப் பட்டது. அந்த வாரம் கோபுரத்தை இடித்தார். 'சென்ற வாரம் பெய்த பெருமழையில் நம் காவல் கோபுரம் மண்ணோடு மண்ணாயிற்று. இனி யாரும் தேட வேண்டாம்.' எழுதி முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கியது. எத்தனையோ கட்டத்தை நிரப்பியிருக்கிறார், ஒன்றைக்கூட இதுவரை அழித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை எடிட்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் கடிதம் ஒரு முழம் உயரத்துக்கு இருந்தது.

"மான்கால்! ஊரே அழுவுது!"

"நானும்தான் சார்."

"ஒரு பல் டாக்டர் மட்டும் இடியவே இல்லைங்கறா. நேத்துக்கூடப் பார்த்தாளாம். இன்னும் நாலு பேரும் அதையே எழுதியிருக்காங்க. நீங்க இடிஞ்சிடுச்சுங்கறீங்க. எது நிஜம்?"

"அவங்க பார்த்தது வேற ஏதாவதா இருக்கும் சார். பாறை கீறை..."

"அதெல்லாம் வேணாம். வர்ற ஞாயிறு வாசகர் ஓட்டம் வெச்சிட்டேன். நீங்க முன்னாடி ஓடுறீங்க. கோபுரம் இருந்தா அது முன்னாடி வாத்தியார் பேசுவார். இடிஞ்சிருந்தா ஆளுக்கு ஒரு கல்லைத் தூக்கி வெச்சு அஞ்சலி. எப்படியும் நமக்கு நாலு பக்கம்."

"சார், ரெண்டுமே இல்லைன்னா?"

"புரியலையே?"

"ஒண்ணுமில்லை சார்," என்றார் கட்டத்தார். முதல் மாடிக்கு இறங்கி வந்து வெகுநேரம் ஷூ கயிறு கட்டினார்.

சனிக்கிழமை கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எடிட்டருக்குப் போன் செய்தார். அரை மணியில் எடிட்டர் மருந்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். எந்தக் கால் என்று கேட்டபோது கட்டத்தார் இடது என்றார். கட்டு வலது காலில் இருந்தது. "பதற்றம்," என்று அவர் முதுகில் தட்டினார் எடிட்டர். "பெரிய ஓட்டக்காரங்களுக்கு முந்தின நாள் இப்படித்தான் இருக்குமாம்." மான் கால் அச்சிட்ட பனியன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காட்டு வாசலில் நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள். முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு வரலாற்று வாத்தியார் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் பல் டாக்டர் அம்மா. கட்டத்தாரால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளுடைய பொய்யும் வெளியாகப் போகிறதே என்று பரிதாபமாக இருந்தது.

வனக்காவலர் கதவைத் திறந்துவிட்டார். நடுத்தர வயது, தூக்கமில்லாத கண்கள்.

"மான்கால் யாரு?"

"நான்தான்."

காவலர் அவரை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். "உங்களைப் பார்க்கணும்னு மூணு மாசமாக் காத்திருக்கேன்," என்றார். குரலில் வாசகருக்கு உரிய நெகிழ்ச்சி இல்லை.

எடிட்டர் விசில் ஊதினார். ஐம்பத்து நான்கு வயதில் கட்டத்தார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினார்.

இருநூறு அடியில் மூச்சு நின்றது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நாற்பத்து மூன்று பேரும் நின்றார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இந்த... மரத்தை... பாருங்க," என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நூறடியில் ஒரு புற்று. அதற்கடுத்து ஒரு கல். கல்லைக் காட்டியபோது அவருக்குப் பேச்சே வரவில்லை. கையை மட்டும் நீட்டினார். கூட்டம் அந்தக் கல்லை வணங்காத குறையாகப் பார்த்தது.

"மத்தவங்க கடிகாரத்தைப் பார்த்து ஓடுவாங்க," என்றாள் பல் டாக்டர் அம்மா தழுதழுத்து. "இவரு காட்டைப் பார்த்து ஓடுறாரு."

ஓடை வந்தது. அதன் மேல் ஒரு மரப்பலகை போட்டிருந்தது. வரைபடத்தில் பலகை கிடையாது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் கட்டத்தார் இல்லை. பலகையைத் தாண்டியதும் நின்று, திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பினார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். வேலை போனால் போகட்டும்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தார். "அந்தக் கோபுரம்..."

"இடியலை!" என்று வாத்தியார் அலறினார். "அதோ நிக்குது! முழுசா நிக்குது!"

கூட்டம் அவரை இடித்துக்கொண்டு ஓடியது. கட்டத்தார் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இரட்டைப் பாறைக்குப் பின்னால், கொடி படர்ந்து, மூன்று அடுக்காக, வளைந்த வாசலோடு காவல் கோபுரம் நின்றது. மேலே கைப்பிடிச் சுவர் அவர் வரைந்த இடத்திலேயே உடைந்திருந்தது. உயரம் மட்டும் அவர் நினைத்ததைவிடக் குறைவு. எடிட்டர் கையை உயர்த்தினால் உச்சியைத் தொடலாம்.

வாத்தியார் கல்லைத் தடவிக்கொண்டே அழுதார். "நானூறுன்னு எழுதினது தப்பு. அறுநூறு இருக்கும். இந்தப் பாசியைப் பாருங்க. இப்படிப் படியவே நூறு வருஷம் வேணும். இப்ப இருக்கிறவனால இப்படி ஒரு வளைவு கட்ட முடியுமா?"

வனக்காவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கும்," என்று எடிட்டர் கட்டத்தாரின் தோளில் கை போட்டார். "எங்கேயாவது ஒரு மூலை இடிஞ்சிருக்கும், உங்க மனசுக்கு முழுசும் போன மாதிரி இருந்திருக்கு. ரொம்ப இளகின மனசு மான்கால் உங்களுக்கு."

பல் டாக்டர் அம்மா அருகில் வந்து, "எம்மேல உங்களுக்குக் கோபம் இல்லையே சார்?" என்றாள். கட்டத்தார் தலையை மட்டும் ஆட்டினார். இந்த அம்மாவைப் போய்ப் பொய்க்காரி என்று நினைத்தோமே என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாறை மேல் உட்கார்ந்தார். கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நமக்கே தெரியாமல் நாம் எப்போதோ இங்கே வந்திருக்கிறோமா? பஸ்ஸில் தூங்கிய அன்றைக்குத் தூக்கத்திலேயே இறங்கி நடந்தோமா? இல்லை, எழுதுகிறவனுக்கு உள்ளுக்குள் ஏதாவது ஒரு கண் திறந்துகொள்ளுமா? யோசிக்க யோசிக்க முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த பாதைக்கு முதல் வரிகூட மனசில் ஓடத் தொடங்கியது: 'தொலைவில் நீர் விழும் ஓசை கேட்கிறது...'

வனக்காவலர் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் குந்தினார். கட்டத்தார் குடித்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்தபடி, "என்ன கம்பீரம்! அந்தக் காலத்து ஆளுங்க கை வேலையே தனி," என்றார்.

காவலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாரா வாரம் அறுபது பேர் வந்து கோபுரம் எங்கே, கோபுரம் எங்கேன்னு என் உயிரை எடுத்தாங்க சார், அதான் உங்க படத்தை வெச்சுக்கிட்டு நானும் மச்சானும் ஒன்பது நாள்ல கட்டி முடிச்சோம், உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அடுத்த வாரம் மட்டும் அருவி கிருவின்னு எதையும் எழுதித் தொலைச்சிடாதீங்க, மச்சான் ஊருக்குப் போயிட்டான்."