பிராண அட்டையும் விஸ்வலிங்கத்தின் வலது கையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கார் நிறுத்த இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மாக் மண்டின் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்களும் உண்டு. திருவிழாவா? இல்லை. இலவச அரிசியா? அதுவும் இல்லை. டாக்டர் வாசு பேச வந்திருந்தார்.

எதற்கு டாக்டர் என்று கேட்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டவர்களுக்கு "இண்டர்நேஷனல்" என்று பதில் வந்தது. இதயத்துக்கா, எலும்புக்கா என்று கேட்டவர்களுக்கு "ஃபிரீக்குவென்சிக்கு" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்கச் சிலருக்கு ஆங்கிலம் போதவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத் துணிச்சல் போதவில்லை.

பெருந்தொற்று அடங்கியும் அடங்காமலும் இருந்த காலம். பள்ளிக்கூடங்கள் திறந்தாகிவிட்டன. வகுப்பறையில் முகக்கவசம் இனி அவரவர் விருப்பம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. விருப்பம் என்று சொன்னாலே நம்மவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போடு என்றால் போடுவார்கள். கழற்று என்றால் கழற்றுவார்கள். நீயே யோசி என்றால், நமக்காக யோசிக்க ஆள் எங்கே கிடைப்பான் என்று தேடுவார்கள். அந்த இடத்தில்தான் டாக்டர் வாசு கடை விரித்தார்.

அவர் சரக்கு இதுதான். முகக்கவசம் போட்ட பிள்ளை தன் மூச்சையே தான் குடிக்கிறது, மூளையின் அலை மங்குகிறது, பள்ளி இறுதி எஸ்.பி.எம் தேர்வில் மதிப்பெண் சரிகிறது. கழற்றிவிட்டால் கிருமி வருமே? அதற்குத்தான் பிராண அட்டை. ஏடிஎம் அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக். நடுவில் தங்க நிறத்தில் ஒரு சக்கரம். நீல நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் கிருமி வழுக்கிக்கொண்டு போய்விடும். அட்டை ஒன்று நூற்றெண்பது வெள்ளி. குடும்பமாக வாங்கினால் தள்ளுபடி. கிருமியும் குடும்பமாகத்தானே வருகிறது!

முதல் வரிசையில் விஸ்வலிங்கம் உட்கார்ந்திருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் படிக்கும் இடைநிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கணக்கெழுத வந்தவர். ஆகவே பரம்பரைப் படிப்பாளி. கயிறு, தாயத்து, ராகுகாலம் எதுவும் அவர் வீட்டு வாசலைத் தாண்டாது. சாமியாடியிடம் குறி கேட்கப் போகிறவர்களைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அதே தாயத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, கோட்டு போட்ட ஒருவர், திரையில் வரைபடம் காட்டி விற்றால்? அது விஞ்ஞானம்.

"அண்ணே, மேடைக்கு வாங்க. வலது கையை நேரா நீட்டுங்க," என்றார் டாக்டர் வாசு.

விஸ்வலிங்கம் நீட்டினார். இடது கையில் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்தார் டாக்டர்.

"தாங்குங்க பாப்போம்." இரண்டு விரலால் அழுத்தினார். கை வாழைத்தண்டு போலச் சாய்ந்தது. கூட்டம் "ஐயோ" என்றது.

முகக்கவசத்தை வாங்கிக்கொண்டு பிராண அட்டையைக் கொடுத்தார். "இப்ப தாங்குங்க!" மறுபடி அழுத்தினார். கை இரும்பு. அசையவில்லை. கூட்டம் கைதட்டியது. சங்கச் செயலாளர் மோகனா கண் கலங்கிவிட்டார். அன்று அட்டை வாங்க நின்ற வரிசை மண்டபத்தைத் தாண்டிச் சாலை வரை போனது.

விஸ்வலிங்கத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அத்தனை பெருமை.

"கனகா, சங்கம் முடிவு பண்ணிருச்சு," என்றார் மனைவியிடம். "ஐந்தாம் படிவப் பிள்ளைங்க எல்லாருக்கும் அட்டை. வர்ற சனிக்கிழமை ஸ்கூல் டேவான்ல தொடக்க விழா. நம்ம துஷிதான் மேடையில முதல்ல மாஸ்க்கைக் கழட்டி அட்டையை மாட்டிக்கணும். தலைவர் மகள் ஆச்சே."

மகள் துஷ்யந்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள்.

கனகேஸ்வரி வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட்டுப் பழகியவள். அவள் உடம்பில் வேலை செய்வது தங்கை கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை அந்நியன் என்று விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கத் தின்ன வேண்டும். பிறருக்கு மூன்று நாள் சளியாகப் போகிற தொற்று, அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். அதற்கு மேலும் போகலாம். வீட்டில் உள்ளவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று மருத்துவர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இவ கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க," என்றாள் கனகேஸ்வரி. "அத்தனை பேர் மூச்சையும் வாங்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவா. என் தங்கச்சி கிட்னி குடுத்தது இதுக்கா? இவ கழட்டினா நான் ஈப்போவுக்குப் போயிர்றேன். தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கிறேன்."

"உனக்கும் ஒரு அட்டை வாங்கிட்டேன் லா! பயமே வேணாம். நான் என்ன தாயத்தா கட்டச் சொல்றேன்? என் கையே சாட்சி. மாஸ்க்கைத் தொட்டதும் விழுந்துச்சு, அட்டையைத் தொட்டதும் நின்னுச்சு."

"எது கையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அழுத்துறவருக்கும் தெரியும். தெரியாம இருந்தா கை சொல்லுமா?"

விஸ்வலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார். டாக்டரைச் சொன்னால்? "சொல்லும்! கண்ணே தேவையில்ல. நீயே பெட்டியில போட்டு ஒட்டிக் குடு. எனக்கும் தெரிய வேணாம், டாக்டருக்கும் தெரிய வேணாம். எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டுறோம். உன்னை மாதிரி ஆளுங்க வாயை ஒரே நாள்ல அடைச்சிரலாம்!"

சோதனையை முன்மொழிந்தது யார் என்று வாசகர்கள் கவனிக்க வேண்டும். சந்தேகப்பட்டவள் அல்ல. பரம பக்தர்.

"தப்பா சொன்னா?"

"சொல்லாது."

"சொன்னா?"

"சொன்னா, போடுறதும் கழட்டுறதும் துஷி இஷ்டம். நான் வாயே திறக்கல."

"சரி. கை சரியா சொல்லிட்டா, நானும் மாஸ்க்கைக் கழட்டிட்டு உங்க அட்டையை மாட்டிக்கிறேன்."

"அம்மா, விளையாடாதீங்க!" என்றாள் துஷ்யந்தி.

"ஒரு பெட்டின்னா குருட்டாம்போக்குல சரியா வந்துரும், பிள்ளை. பத்து பெட்டி வைப்போம். பத்துலயுமா குருடன் ஜெயிப்பான்?"

அவள் மருந்து வாங்கி வரும் காலி அட்டைப் பெட்டிகள் அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் ஒரே அளவு. அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு விழாவுக்காக வீட்டுக்கு வந்திருந்த பிராண அட்டைகளை ஐந்திலும் முகக்கவசங்களை ஐந்திலும் வைத்து ஒட்டினார்கள். பிறகு ஒரு பையில் போட்டுக் குலுக்கினார்கள். எது எதில் என்று அவர்களுக்கே தெரியாது.

சனிக்கிழமை பள்ளி மண்டபமான டேவான் நிரம்பி வழிந்தது. கனகேஸ்வரி திறந்திருந்த கதவோரம் தனியாக ஒரு நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். விஸ்வலிங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நம்ம டாக்டரை நம்பாத சில பேர் இருக்காங்க. அவங்களுக்கும் புரியட்டும்னு இன்னைக்கு ஒரு பெரிய சோதனை வச்சிருக்கோம்!" என்று பெட்டிகளை மேசையில் அடுக்கினார்.

டாக்டர் வாசுவின் புன்னகை இருந்த இடத்திலேயே காய்ந்துபோனது. "அண்ணே, இதெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்களுக்கு சர்ப்ரைஸ் லா, டாக்டர்!"

"நேரமாச்சுண்ணே. அட்டையைக் குடுத்து முடிச்சிரலாம்."

"அஞ்சு நிமிஷ வேலை."

"இல்ல, பெட்டிக்குள்ள ஃபிரீக்குவென்சி அடைஞ்சு போயிரும்."

"என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? கான்கிரீட் சுவரைத் தாண்டும்னீங்க. பினாங்குல அட்டையை வச்சா லங்காவியில இருக்கிற பிள்ளைக்கும் வேலை செய்யும்னீங்க. அட்டைப் பெட்டி என்ன பெரிய சுவரா?"

"ஆமா, சொன்னாரு, சொன்னாரு," என்று கூட்டம் தலையாட்டியது. எதிரியை டாக்டர் சமாளித்திருப்பார். பக்தனைச் சமாளிப்பது கஷ்டம். சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறான்!

வேறு வழியில்லை. விஸ்வலிங்கம் இடது கையில் முதல் பெட்டியை வாங்கிக்கொண்டு வலது கையை நீட்டினார். டாக்டர் அழுத்தினார். கை அரைகுறையாகத் தாழ்ந்தது.

"மாஸ்க்," என்றார் டாக்டர்.

இரண்டாவது பெட்டி. "அட்டை." மூன்றாவது. கை விழுவதா நிற்பதா என்று அதற்கே தெரியவில்லை. டாக்டர் விட்டத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், "அட்டை" என்றார். ஒவ்வொரு பெட்டியும் அவர் சொன்னபடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனது.

ஐந்தாவது பெட்டியில் விஸ்வலிங்கத்துக்கு ஏதோ உறுத்தியது. முப்பது வருடம் நோட்டை விரலால் தடவியே கள்ள நோட்டைப் பிடித்த தோல் அவருடையது. அன்றைக்கு முகக்கவசம் என்றபோது டாக்டரின் விரல்கள் மணிக்கட்டில் இறங்கின. அட்டை என்றபோது முழங்கையோரம் இறங்கின. இன்று அந்த விரல்கள் வீடு தெரியாத தபால்காரன் போல இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தன.

பெட்டிகளைத் திறக்க மோகனா வந்தார். அட்டை என்று டாக்டர் சொன்ன குவியலில் முதல் பெட்டி. முகக்கவசம். அடுத்தது. முகக்கவசம். அடுத்ததில் அட்டை இருந்தது. மோகனா உற்சாகமாகத் தூக்கிக் காட்டினார். அதற்கடுத்து மறுபடி முகக்கவசம். பத்தையும் திறந்து பார்த்ததில் டாக்டர் சொன்னவற்றில் நாலு சரி, ஆறு தப்பு. இருபது காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும். அதற்கு டாக்டர் பட்டமும் வேண்டாம், கோட்டும் வேண்டாம்.

டாக்டர் வாசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சபையில யாரோ ஒருத்தர் மனசுல நெகட்டிவ் எனர்ஜி இருக்கு. அதான் தடுக்குது." அவர் விரல் கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்த கனகேஸ்வரியை நோக்கி நீண்டது. "அந்த அம்மா வெளிய போனா எல்லாம் சரியாயிடும்."

விஸ்வலிங்கம் மனைவியைப் பார்த்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. சோதனை தற்செயலாக டாக்டர் பக்கம் சாய்ந்திருந்தால், இன்றிரவு அவள் முகம் திறந்திருக்கும். சொன்ன வாக்கை மாற்றுகிறவள் இல்லை. அதை நினைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது. முதலில் தன் மேல், பிறகு டாக்டர் மேல்.

"டாக்டர், கொஞ்சம் கையை நீட்டுங்க."

"நான் எதுக்குண்ணே..."

"நீட்டுங்க!"

டாக்டர் நீட்டினார். மேசையிலிருந்த அட்டைகளில் ஒரு கொத்தை அள்ளி அவர் கழுத்தில் மாட்டினார் விஸ்வலிங்கம். ஒரு ஊரையே காப்பாற்றும் அளவுக்குப் பிராணம் தொங்கியது. பிறகு மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். பிராணம் அத்தனையோடும் கை தொபுக்கென்று விழுந்தது.

எல்லா அட்டையையும் கழற்றினார். டாக்டரின் இடது கையில் ஒரு முகக்கவசத்தைத் திணித்தார். முழங்கையோரம் அழுத்தினார். கை இரும்பு.

"அழுத்துற இடத்துலதான் லா எல்லாம் இருக்கு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் விஸ்வலிங்கம். "நீங்களே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட செஞ்சு பாருங்க!"

டேவான் முழுக்கக் கைகள் நீண்டன. கணவன் கையை மனைவி அழுத்தினாள். ஆசிரியர் கையை மாணவன் அழுத்தினான், கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தோடு. மணிக்கட்டில் விழுந்தது, முழங்கையில் நின்றது. எல்லாருக்கும் பிராணம் இருந்தது, ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல். இந்தக் கலகலப்பில் டாக்டர் வாசு பக்கவாசல் வழியே நழுவப் பார்த்தார். அங்கே மாக் மண்டின் ஆட்கள் நின்றிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து அட்டை வாங்கியவர்கள். அவர் பணத்தைத் திருப்பி எண்ணி வைத்த பிறகுதான் வழி விட்டார்கள்.

கூட்டம் அடங்கியதும் மோகனா எழுந்தார். "அப்ப பிள்ளைங்க மாஸ்க் போடணுமா, வேணாமா? நீங்களே ஒண்ணு சொல்லிருங்கண்ணே. அப்படியே செஞ்சிர்றோம்."

விஸ்வலிங்கம் தலைகுனிந்தார். "என்கிட்ட கேக்காதீங்கம்மா. பொண்டாட்டி உயிரை ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு அடகு வைக்கப் பாத்தவன் நான். கிளினிக்ல போய்க் கேளுங்க. வீட்டுல நோயாளி இருந்தா அவங்களை நினைச்சுப் பாருங்க. போட்டுக்கப்போற பிள்ளைங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. இதுவரைக்கும் நாம யாரும் அவங்களைக் கேக்கவே இல்ல."

துஷ்யந்தி ஒலிபெருக்கியை வாங்கினாள். "மாஸ்க் எனக்கும் பிடிக்காது. கண்ணாடியில ஆவி படியும். மதியத்துல வேர்த்துக் கொட்டும். ஆனா நல்ல மாஸ்க்கை ஒழுங்கா போட்டா கிருமி உள்ள போறதும் வெளிய வர்றதும் குறையுதுன்னு அம்மாவோட டாக்டர் சொன்னாரு. சுத்தமா நின்னுரும்னு அவர் சொல்லல. குறையும்னாரு. எங்க வீட்டுக்கு அதுவே பெருசு. அதனால நான் போடுறேன். என் ஃபிரெண்டு ஷாஹிரா கழட்டினா கோச்சுக்க மாட்டேன். பக்கத்துல உக்காரும்போது மட்டும் போட்டுக்கடின்னு கேட்டேன், சரின்னுட்டா."

கதவோரம் கனகேஸ்வரி முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஸ்வலிங்கம் மேடையிலிருந்து இறங்கி அவள் நாற்காலியிடம் போனார். பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, எட்டத் தள்ளி நின்றார்.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. போடு, போடாதே என்று ஒரே வார்த்தையில் யாராவது சொல்வார்கள் என்று வந்தால், கேள், விசாரி, நினைத்துப் பார் என்று வேலை கொடுக்கிறார்களே! முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். போகிற போக்கில் ஒரு பெரிய மனிதர் மேசையில் சிதறிக் கிடந்த பிராண அட்டைகளில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சும்மாதானே கிடக்கு. இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

கையை நீட்டு என்றால் நீட்டுகிறோம். காசை நீட்டு என்றாலும் நீட்டுகிறோம். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வியை நீட்டும்போதுதான், ஐயா, நமக்குக் கை வலித்துவிடுகிறது.