மூன்று திமில் ஒட்டகம்

எனக்கு ஒழுங்கு என்றொரு வியாதி உண்டு. (என் மனிசன் அதை "விசர்" என்றுதான் சொல்லுவார், வியாதி என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மரியாதை.) இந்த வியாதியால் எங்கள் குடும்பம் ஒருநாள் ஜெர்மன் அதிகாரி ஒருவருக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றது. அதே வியாதிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது என்று நானும் இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் ஒருவரும் அந்த இரண்டாவது பகுதியை ஒத்துக்கொள்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இவருக்குத் தொழிற்சாலை வேலை. மகள் தாரணிக்கு எட்டு வயது, மகன் ரூபனுக்கு இரண்டு. தாரணி காலையில் ஜெர்மன் பள்ளிக்கூடம் போய் வருவாள். தமிழ் படிக்க வைப்பதென்றால் கொலோனுக்கு ரயிலேற வேண்டும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு சமையல் நடக்கும் எங்கள் குசினி மேசை தமிழ்ப் பாடசாலையாகிவிடும். அதிபர், ஆசிரியர், மணியடிப்பவர் எல்லாம் நானே. மாணவி ஒருத்தி. அவளும் பாதி நாள் வயிற்றுவலி என்பாள்.

பாடப் புத்தகம் கிடையாது. எழுத்து, படம், பயிற்சி எல்லாம் நானே தாளில் கீறித் தயாரித்தேன். ரூபன் வளர்ந்ததும் அவனுக்கும் வேண்டுமே என்று ஒரு தாளையும் எறியவில்லை. மேல்வீட்டு ஜெர்மன் அம்மா தன்னுடைய வாழ்க்கை முழுவதையும் ஓர்ட்னர் என்கிற தடித்த கோப்புகளில் அடுக்கி வைத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். அன்றோடு வியாதி முற்றிவிட்டது. ஐந்து ஓர்ட்னர் வாங்கினேன். ஒவ்வொரு தாளும் கண்ணாடி உறைக்குள், அகரவரிசையில். நாலின் முதுகில் "ரூபனுக்கு" என்று எழுதினேன். ஐந்தாவதில் "மூன்றாவது பிள்ளைக்கு". பிள்ளைக்கு முன்னாலேயே ஓர்ட்னர் பிறந்துவிட்டது என்று இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். (மூன்றாவது பிள்ளை கடைசிவரை வரவில்லை. ஓர்ட்னர் இன்னும் இருக்கிறது.)

தாளுக்கு எங்கே போனேன் என்பதில்தான் வினை. இந்த நாட்டில் தபால்பெட்டி நிறையக் கடிதம் வரும். நல்ல வெள்ளைத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. மறுபக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடவில்லை. ஒரு சட்டம் வைத்திருந்தேன். சீல் குத்திக் கையெழுத்திட்ட கடிதம் முக்கியமானது, அது இவருடைய பெட்டிக்குள் போகும். கையெழுத்து இல்லாதது பாடசாலைக்கு. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கடிதத்தில் கடலைதான் சுற்றுவார்கள். இயந்திரம் அச்சடித்து, கையெழுத்தே இல்லாமல் செல்லுபடியாகும் கடிதமும் உலகத்தில் உண்டு என்று யாருக்குத் தெரியும்? (கடிதத்தின் அடியில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். வாசித்தால்தானே.)

அந்த வருடம் எங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமைக்கான டெர்மின், அதாவது அதிகாரியைப் பார்க்கக் குறித்த நாள், கிடைத்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் விசா முடிகிற நேரம் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. அந்த ஒரு முத்திரை விழுந்தால் இனி நெஞ்சிடி இல்லை. நால்வரும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, இவருடைய பெட்டியோடு அலுவலகத்தில் போய் இருந்தோம்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர். ஒவ்வொரு தாளாகக் கேட்டார், இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கடைசியாக, இவர் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று ஓய்வூதியக் காப்புறுதிக்காரர் அனுப்பிய பத்திரத்தைக் கேட்டார். மூன்று பக்கம் இருக்குமாம். அப்படி ஒன்று வரவேயில்லை என்றார் இவர். அனுப்பியிருப்பார்கள் என்றார் அதிகாரி. வரவில்லை என்று இவர் சத்தியம் செய்யாத குறை. அதிகாரி ஒரு மாதிரிப் பத்திரத்தை எடுத்து, இதுபோல இருக்கும் என்று மேசையில் வைத்தார்.

தாரணி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உது எங்கடை ஒட்டகமெல்லோ," என்றாள்.

இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும். என்ன ஒட்டகம்?"

"வீட்டிலை இருக்கு. பத்திரமா இருக்கு," என்றேன். பத்திரம் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவு பூட்டிவிடுவார்களாம். தவறினால் அடுத்த டெர்மினுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூவரையும் அங்கேயே பிணை வைத்ததுபோல் விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். ஓர்ட்னர்களை அடுக்கி வைத்திருந்த நிலவறையைத் திறந்து, உயிரெழுத்து ஓர்ட்னரை எடுத்து, ஒ என்ற இடத்தில் விரித்தேன். ஒட்டகம், ஓடம், ஔடதம். மூன்று பக்கமும் வரிசை குலையாமல், மூலை மடங்காமல் இருந்தன. தேட அரை நிமிடம்கூட ஆகவில்லை. (இதை எழுதும்போதுகூட எனக்குப் பெருமையாக இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.)

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, மூச்சு வாங்க, தாள்களை மேசையில் வைத்தேன். அதிகாரி வாசித்துத் தலையாட்டினார். பிறகு திருப்பினார்.

மறுபக்கத்தில் தாரணி கீறிய ஒட்டகம் நின்றது. மூன்று திமிலோடு. பக்கத்தில் சிவப்பு மையில் பத்துக்கு ஆறு. இது என்ன என்று கேட்டார். வீட்டிலே பள்ளிக்கூடம் என்று நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பெருமையோடு சொல்லித் தொலைத்தேன். அந்த மனிதரின் முகம் இறுகிவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிப்பிப்பது இந்த நாட்டில் குற்றம் என்பது எனக்கு எங்கே தெரியும்? நல்ல காலம், தாரணி குறுக்கிட்டாள். தான் காலையில் உண்மையான பள்ளிக்கூடம் போவதாகவும், இது பின்னேரத்தில் நடக்கிற இரண்டாவது பள்ளிக்கூடம் என்றும், இங்கேதான் புள்ளி குறைவாகப் போடுகிறார்கள் என்றும் முறையிட்டாள்.

அதிகாரி சிவப்பு எழுத்தைத் தொட்டு, இது என்ன எழுதியிருக்கிறது என்றார்.

"கவனம் போதாது," என்று தாரணி மொழிபெயர்த்தாள். எழுதியது யார் என்று கேட்டார். அவள் என்னைக் கை காட்டினாள்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. பிறகு எழுந்து போய், எழுத்து இருந்தால் இரண்டு பக்கமும் பிரதி எடுப்பதுதான் ஒழுங்கு என்று சொல்லி, முன்பக்கத்தையும் ஒட்டகத்தையும் பிரதி எடுத்து எங்கள் கோப்பில் குத்தினார். ஒழுங்கு வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் ஆறுதல் வந்தது. மூலத்தை என்னிடம் திருப்பித் தந்தார். சில கிழமையில் முத்திரையும் விழுந்தது.

இன்றைக்கும் வீட்டில் ஒரு தாளைக் காணவில்லை என்றால் ஒருவரும் தேடமாட்டார்கள். "ஒட்டகத்துக்குப் பின்னாலை பாருங்கோ" என்பார்கள். கலியாண வீட்டில், சபை சந்தியில், புது மருமகனிடம்கூட இவர் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். ரூபன் அதே தாளில்தான் ஒ படித்தான். ஒட்டகத்துக்கு மூன்று திமில் என்று வெகுகாலம் நம்பியிருந்தான்.

அவனுக்குப் பாடம் சொல்ல அந்த ஓர்ட்னரைத் திறந்த அன்றுதான் நானும் கவனித்தேன். நான் சிவப்பில் எழுதிய "கவனம் போதாது" என்பதன் கீழே, பென்சிலால், கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. கேட்டபோது, டெர்மின் முடிந்து வந்த அன்று எழுதியதாகத் தாரணி ஒத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் தமிழில் எழுதிய முதல் வசனம் அது.

"இது அம்மாவுக்கு."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பேனையை எடுத்து, ஆறை வெட்டிப் பத்து போட்டேன்.