சேவலைப் பார்க்காத முட்டைகள்

எனக்குப் பொறாமை உண்டு. அதுவும் தங்கை முறை உள்ளவள் மேல், ஒரு கோழிக்குஞ்சின் இதயத்துக்காக. (எழுதும்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது.)

எங்கள் குடும்பத்தில் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவன் நான் ஒருவன்தான். படாளம் பக்கம் பள்ளி வாத்தியார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டருக்கு முன்னால் என்னைத்தான் கேட்பார்கள். அணுபுரத்துச் சித்தப்பாவின் மகள் செல்வி ஆராய்ச்சிக்குப் போகும்வரை. கருவில் இதயம் வளரும்போது செல்கள் ஜீனின் நகலை எப்படி வெட்டி ஒட்டுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. அன்றிலிருந்து காய்ச்சல்காரர்கள்கூட அவளுக்குத்தான் போன் செய்தார்கள். வயிறு எரிந்தது.

லீவில் வந்தவள், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களுக்குத் தன் வேலையை விளக்கப்போவதாகச் சித்தப்பா சொன்னார். நான் முந்திக்கொள்ள முடிவு செய்தேன். மூன்று நாள் அடைகாத்த முட்டையில் இதயம் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வியாழனன்றே மளிகைக் கடையில் ஆறு முட்டை வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு, சித்தப்பா வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று அவள் வாய் திறக்குமுன் எழுந்தேன். "ஒரே ஜீன்தான். நகலை ஒரு மாதிரி வெட்டி ஒட்டினா கருவுக்கு ஏத்த புரதம், வேற மாதிரி ஒட்டினா வளர்ந்த இதயத்துக்கு ஏத்தது. தப்பா ஒட்டினா இதயமே கோளாறு!" எல்லாம் அவள் கட்டுரையில் சுட்டது. ஒரு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, கையில் தூக்கிக் காட்டினேன்.

மஞ்சள் கரு மட்டும் இருந்தது. ஆனால் என் கை நடுக்கத்தில் லேசாக ஆடியது.

"துடிக்குது பாருங்க!"

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்வி எட்டிப் பார்த்தாள்.

"ண்ணா, கீழ வச்சிட்டு கையை எடு."

எடுத்தேன். துடிப்பு நின்றுவிட்டது.

"கடை முட்டையா? பண்ணைக் கோழிண்ணா அது. சேவல் மூஞ்சியவே பாத்திருக்காது."

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னா வாத்தியாரே, வெட்றது ஒட்றதுல்லாம் அப்பால. மொதல்ல அப்பன் வேணாவா?"

பிறகு செல்வி லேப்டாப்பில் நிஜமாகவே துடிக்கும் இதயத்தைக் காட்டினாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் மீதி ஐந்து முட்டைகளைக் குப்பையில் போடப் போனேன்.

போன மாதம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. "நெஞ்சுல கை வச்சு சொல்றேன், எனக்குத் துளிகூடப் பொறாமை இல்ல" என்றேன்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையை எடுத்துட்டு சொல்லுங்க."