சந்தா மதில் வளைத்த படலம்

ஒருகை ஹாக்கியை எழுத, மறுகை நீச்சலை எழுத, இடைவேளையில் சதுரங்கத்தையும் பளுதூக்கலையும் பரிபாலிக்கும் விசைப்பலகை வேந்தே, சந்தா கட்டிப் படிக்கும் விளையாட்டு இணையதளத்தில் எஞ்சி நின்ற ஒரே நிருபனே, ‘ஆல்ரவுண்டர்’ என்று அலுவலகத்தார் கிண்டலாக அழைத்ததைப் பட்டமென்று நம்பிய பெருமகனே, நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நாவில் பிழை நேராமல் காப்பாயாக. நேர்ந்தால் திருத்த இங்கே ஆளில்லை.

முன்னொரு காலத்தில் அத்தளத்தில் ஆட்டத்துக்கு ஓர் எழுத்தாளர் இருந்தார். எழுதியதை வாசிக்க ஒருவர், வாசித்ததில் குறை காண ஒருவர், குறை கண்டவரோடு மல்லுக்கு நிற்க இன்னொருவர் என்று நால்வகைப் படையும் நிறைந்து, மேசை தட்டும் ஓசை முரசென அதிர்ந்த பாசறை அது. பின்னர் மேலிடத்திலிருந்து சிக்கனம் என்னும் சூறை எழுந்தது. கால்பந்தார் வீழ்ந்தார், டென்னிஸார் சாய்ந்தார், அவர்தம் நாற்காலிகளில் சந்தாதாரர் எண்ணிக்கையை நாள்தோறும் எண்ணுவோர் வந்து அமர்ந்தனர். எழுத ஒருவன், எண்ணப் பலர் என்றான அந்த அவையின் வாசலில், ‘ஆழமான செய்தி, அனுபவப் பேனா, சந்தாதாரருக்கு மட்டும்’ என்ற பலகை மட்டும் குன்றாமல் ஒளிர்ந்தது. அதை எழுதியவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி வினை விளைந்த விதம் கேளீர். நீச்சல் குளக்கரையில் மடிக்கணினியில் நீர்த்திவலை தெறிக்க அமர்ந்திருந்த தலைவன், அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில் நடந்த ஹாக்கி ஆட்டத்தையும் எழுத வேண்டியவனானான். காலையில் வந்த அணிப் பட்டியலையும் மாலையில் வந்த கோல் கணக்கையும் கூட்டிப் பிசைந்து, ‘கோல்கீப்பர் பந்து போவதை வேடிக்கை பார்த்தார்’ என்று வீராவேசமாக எழுதி அனுப்பினான். மறுநாள் தொலைபேசி ஒலித்தது.

“சார், நான் அந்தக் கோல்கீப்பரோட அக்கா பேசுறேன். தம்பியப் பத்தி வரும்னுதான் வருஷச் சந்தா கட்டுனேன். நேத்து அவன எறக்கவே இல்ல சார். ரிசர்வ் பையன்தான் நின்னான். இவன் வெளிய உக்காந்து வேடிக்கை பாத்தான், அத மட்டும் சரியா எழுதியிருக்கீங்க. இன்னைக்கு மூணு மணிக்கு மாநில அணிக்கு ஆள் எடுக்குறாங்க. கமிட்டில இதப் படிச்சா அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவனுக்கு வயசு தாண்டிடும்.”

தலைவன் முகம் சுண்டிப்போனது. பார்க்காத ஆட்டத்தில், ஆடாத ஒருவனைப் பழித்த வெட்கம் நெஞ்சைத் தின்றது. எழுந்தான், எண்ணிக்கொண்டிருந்தோர் சான்றாக, “மூன்று மணிக்குள் அவ்வரியை மாற்றுவேன், மாற்றேனாயின் இவ்விசைப்பலகையை இனித் தீண்டேன்” என்று வஞ்சினம் உரைத்தான். நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாகப் பேசச் சொன்னார்கள்.

மதில் வளைக்கப் புறப்படும் மன்னர் உழிஞைப் பூச் சூடுவர். தலைவனோ அடையாள அட்டையின் நைந்த நாடாவைக் கழுத்தில் சூடி, தன் கட்டுரையின் வாயிலை அடைந்தான். இரண்டு வரி தெரிந்தது. மூன்றாம் வரிமேல் வெண்திரை கவிந்து, ‘தொடர்ந்து படிக்கச் சந்தா செலுத்துங்கள்’ என்று மறித்தது. ஊழியருக்கான இலவசச் சந்தா சென்ற சுற்றறிக்கையிலேயே வெட்டுண்டு மாய்ந்திருந்தது. எழுதியதை உள்ளே அனுப்ப அவனுக்கு வழியுண்டு. போனதைத் தொட வழியில்லை, தபால்பெட்டியில் போட்ட கடிதம் மாதிரிதான்.

பழைய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக எய்தான். அத்தனையும் முனை மழுங்கி வீழ்ந்தன. மதில்மேல் நின்ற இயந்திரக் காவலன், ‘நீர் மனிதர்தாமா?’ என்று வினவி, மோட்டார் சைக்கிள் உள்ள கட்டங்களைத் தொடச் சொன்னான். கண்ணாடியின் நுனி மட்டும் எட்டிப் பார்த்த கட்டம் மோட்டார் சைக்கிளில் சேருமா சேராதா என்று தலைவன் தருமசங்கடத்தில் ஆழ்ந்திருக்க, நேரம் கடந்தது. மறுபடி முயன்றபோது படிக்கட்டைத் தொடச் சொன்னான்.

படைத்துணை வேண்டி, வேலை பறிபோன பழைய செய்தி ஆசிரியரை அழைத்தான். சொற்பிழை கண்டால் சுட்டெரித்த அப்பெருந்தகை இப்போது மைத்துனரின் செருப்புக் கடையில் கால் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் லாகின என்னோட சேத்தே தூக்கிட்டாங்கப்பா. நான் இருந்திருந்தா, மேட்சுக்குப் போனியான்னு மொதல்ல கேட்டிருப்பேன்.”



எஞ்சியது தூது. கோட்டைக்கு அதிபதியான சந்தாப் பிரிவு மேலாளரின் கண்ணாடி அறைக்குள் புகுந்தான்.

“சந்தா கட்டுனா படிக்கலாம் சார்” என்றார் மேலாளர்.

“நான் எழுதுனதுங்க அது.”

“எழுதுறதுக்கு யார்கிட்டயாச்சும் காசு கேட்டோமா? படிக்கிறதுக்குத்தான்.”

“திருத்தணும்.”

“அது செய்தி மேசை வேலை.”

“இப்ப செய்தி மேசைல யாரு இருக்கா?”

மேலாளர் கணினியைத் துழாவினார். “தெரியல. பிழையச் சொல்றதுக்குக் கட்டுரைக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கு. சந்தாதாரருக்குத்தான் அது தெரியும்.”

வாளுக்கு வளையாத மதில் வங்கி அட்டைக்கு வளைந்தது. ‘எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி’ என்று திரையில் வண்ணத் தாள்கள் மழையாகப் பொழிய, எழுதிய ஊரிலேயே விருந்தாளியாக நுழைந்த தலைவன், கீழே பதுங்கியிருந்த அப்பொத்தானைக் கண்டு, ‘கோல்கீப்பர் ஆடவே இல்லை, எழுதியவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை’ என்று தன்மேல் தானே கணை தொடுத்தான். கணை விண்ணேகி, வெட்டுண்ட மேசைகள் அனைத்தையும் வலம்வந்து, இறங்க இடமின்றி அவன் சட்டைப்பையிலேயே வந்து கிணுகிணுத்தது: ‘வாசகர் புகார். ஆசிரியர் குழு உடனே கவனிக்கவும்.’ ஆசிரியர் குழு அவன்தான். அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. புகாரின் அடியில் ‘திருத்து’ என்றொரு பொத்தான் இருந்தது.

அழுத்தினான். பழிச்சொல் மாண்டது, மெய்ச்சொல் எழுந்தது, மணி மூன்றாகச் சற்றே மிச்சமிருந்தது. விண்ணோர் பூமாரி பொழிந்திருப்பர், மேல்தளத்தையும் வாடகைக்கு விட்டிராவிட்டால். ‘தங்கள் மேலான கவனத்துக்கு நன்றி’ என்று தனக்கே பதில் விடுத்து, மதில் வென்ற மாவீரன் நாற்காலியில் சாய்ந்தான்.

மாலையில் அக்கா அழைத்தார். “தம்பிய எடுத்துட்டாங்க சார்.”

தலைவன் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வரியால் ஒருவன் வாழ்வைக் காத்த பெருமிதம் நரம்பெல்லாம் முழங்க, “திருத்துனதக் கமிட்டில பாத்தாங்களா?” என்று கேட்டான்.

அக்கா விசாரித்திருந்தார். தேர்வுக் குழுவில் ஒருவர்கூடச் சந்தா கட்டியிருக்கவில்லை.