கண்ணை மூடிப் போட்ட குளிசை

என் மனைவி மார்கிரட்டைக் கனடாவுக்குப் போகவிடுவதில்லை என்று தீர்மானித்தேன். அங்கே எங்கள் மகள் ஷரோனுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. விசாவும் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் மார்கிரட்டின் இருமல் கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. "போகாதேயும், தனிய இருக்கப் பயம்" என்று சொல்லலாம்தான். மானிப்பாயையே நடுங்க வைத்த பழைய பள்ளிக்கூட அதிபர் அப்படிச் சொல்வானா? ஆகவே என் வியாதிகளை முன்னே விட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து நிவேதனா என்ற பிள்ளை வந்தாள். வேண்டாத மாத்திரைகளை நிறுத்துவது பற்றி வயதானவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்கிறாளாம்.

"டொக்டர் சொன்னா ஒரு குளிசையை நிப்பாட்டச் சம்மதமோ ஐயா?"

"சொன்னவர்தான். கிளினிக்கிலையே சண்டை பிடிச்சிட்டு வந்தனான். ஒண்டையும் விடமாட்டன்!"

"ஏன் ஐயா?"

"விட்டா ஆள் முடிஞ்சுது. காலமை இவ எடுத்துத் தராட்டி நான் இல்லைப் பிள்ளை."

குசினிக்குக் கேட்கும்படி இதை இரண்டு தரம் சொன்னேன். மார்கிரட் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இவர் அரைவாசிக் குளிசை விட்டுக் கனநாள், பிள்ளை."

"ஆர், நானோ?"

"ஓம், நீங்கள்தான். டொக்டர் சொன்ன மாதிரி ஒவ்வொண்டாக் குறைச்சனான்."

"விசர்க் கதை! ஒவ்வொரு நாளும் எண்ணிப் பாத்தெல்லோ போடுறன்!"

எண்ணுவது உண்மை. காலைச் சாப்பாட்டுக்கு முன் சோசரில் குளிசைகளை வைப்பாள். நான் எண்ணுவேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடுவேன். அவள் செபம் பண்ணுவாள். ஆமென் சொன்னதும் சோசரோடு வாயில் கொட்டுவேன்.

"செபம் முடியிறதுக்குள்ளை எடுத்துப்போடுவன்," என்றாள்.

"கண்ணைத் திறந்துகொண்டோ செபம் பண்ணினனீர்?"

"ஆண்டவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் எடுத்தனான்."

நிவேதனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இப்ப சுகம் எப்பிடி ஐயா?"

பொய் சொல்ல வழியில்லை. தலைச்சுற்று நின்று போயிருந்தது. அன்று காலையும் சந்தைக்குச் சைக்கிளில் போய் வந்திருந்தேன். ஊரே பார்த்தது.

"பாத்தியளே, தனிய இருப்பார்," என்றாள் மார்கிரட் சந்தோசமாக. பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்நியப் பிள்ளை ஒன்று முன்னால் இருக்க, மானம் விடவில்லை.

மார்கிரட் கனடாவுக்குப் போய்விட்டாள். இப்போது காலையில் நானேதான் செபம் பண்ணுகிறேன், கண்ணைத் திறந்துகொண்டே. ஆமென் சொல்லும்போதும் சோசரில் வைத்த குளிசைகள் குறையாமல் வைத்தபடியே இருக்கின்றன. எடுக்கத்தான் ஆளில்லை.