தொலைக்காட்சி ஒலிக் குறைபாடு தொடர்பான கோப்பு

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர் என்று இந்தச் சென்னை மாநகரில் ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் பெயர் வெள்ளைத்துரை. தி.நகரில், மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறார். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். கூரியர்க்காரர் நீட்டும் காகிதமானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். வாசலில் நின்று கூரியர்க்காரர்களுக்குக் கால் வலித்ததுண்டு. நல்ல நிர்வாகத்துக்காக யாராவது கஷ்டப்படத்தானே வேண்டும்?

பணியில் இருந்தவரை பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே பாண்டி பஜாருக்குப் போய் ஒரு பச்சைப் பேனா வாங்கி, தானே தனக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் ஜூன் பதினோராம் தேதி காலை, அவர் மனைவி ஜெயபாரதி ஒரு புகார் சொன்னார்.

"ஏங்க, எந்திரிச்சதிலருந்து இடது காது அடைச்ச மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம். டிவியில பேசுறதுகூட சரியாக் கேக்கல."

வெள்ளைத்துரை ஆராய்ந்தார். வாக்கியங்கள் மூன்று. முதல் இரண்டும் வெறும் விவரம். நடவடிக்கை எடுக்கத்தக்கது மூன்றாவது. ஆக, கோளாறு டிவியில்.

"எழுதிக் குடு பாரதி."

"என்னத்த எழுத?"

"சொன்னதத்தான். வாய்ப் பேச்சுல நடவடிக்கை எடுக்க முடியாது. தேதி போட்டுக் குடு."

ஜெயபாரதி எழுதினார்: 'இன்று காலையிலிருந்து இடது காது கேட்கவில்லை. உள்ளே சத்தம் வருகிறது. டாக்டரிடம் போக வேண்டும்.' வெள்ளைத்துரை இருமுறை படித்தார். ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்த புள்ளியை வைத்தார். கீழே பச்சை மையில் கையெழுத்திட்டார். புதுக் கோப்பு ஒன்றில் அதை முதல் பக்கமாகக் கோத்து, மேலட்டையில் அழகாக எழுதினார்: 'பொருள்: தொலைக்காட்சி – ஒலிக் குறைபாடு – தொடர்பாக.'

"அப்ப டாக்டரு?"

"போவோம். ஒரு நேரத்துல ஒரு கோப்பு. முதல்ல டிவியச் சரி பண்ணுவோம். அப்பவும் கேக்கலன்னா அது காது. அதுதான் முறை."

ஜெயபாரதி இந்த 'முறை'யோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவர். சளியாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பாவம், வேறென்ன நினைப்பார்?

உடனடியாகக் குழு அமைக்கப்பட்டது. நிபுணர் உறுப்பினர், மாடி வீட்டு பாலகணேஷ். மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆனால் உண்மையான உழைப்பெல்லாம் யூடியூபில் வெள்ளைக்காரர்கள் ஸ்பீக்கர் பிரிப்பதைப் பார்ப்பதில்.

"அங்கிள், டிவிக்குள்ள இருக்கிறதெல்லாம் ஸ்பீக்கரே இல்ல. நீங்க ரிசீவர் போடணும்."

ரிசீவர் என்பது படத்தின் ஒலியை வாங்கிப் பிரித்து, அறையைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பங்குபோட்டு அனுப்பும் பெட்டி. கேட்டதுமே வெள்ளைத்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொந்தமாக ஒரு வார்த்தை பேசாது. வந்ததை அந்தந்த மேசைக்குத் தள்ளிவிடும். முப்பத்து மூன்று ஆண்டுகள் அவர் ஆற்றிய பணியும் அதுவே.

விலை நடுத்தரமாக இருக்க வேண்டும் என்பது குழுவின் முதல் தீர்மானம். "மலிவா வாங்கினா சொந்தக்காரங்க கேப்பாங்க. ஒசத்தியா வாங்கினா தணிக்கையில கேப்பாங்க. நடுவுல வாங்கினவனை இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்ல."

"வீட்டுக்கு ஏது அங்கிள் தணிக்கை?"

"வந்துட்டா?"

ஆனால் நடு என்பது ஓரிடத்தில் நிற்கவில்லை. கடையில் ஒரு புது மாடல் மேலே வந்து உட்கார்ந்தால் நடு ஒரு படி ஏறியது. பழையது ஒன்று தள்ளுபடிக்குப் போனால் ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டுப் பட்டியல் புதிதாகத் தயாரானது. ஆடித் தள்ளுபடி போயிற்று, தீபாவளித் தள்ளுபடி போயிற்று. ஜெயபாரதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதை டிவிக்குக் கொடுத்து உட்காரப் பழகிக்கொண்டார்.

பாண்டி பஜார் கடையின் விற்பனையாளர் காஷிஃப் நொந்துபோனார். "இன்னா சார், ஒம்போதாவது வாட்டி வந்துகினு கீறீங்க! எங்க மொதலாளிகூட இத்தினி வாட்டி கடைக்கு வந்ததில்ல."

அன்றைக்குப் 'பயனாளி' ஜெயபாரதியும் உடன் வந்திருந்தார். காஷிஃப் அவரை நடுவில் உட்காரவைத்து, அறை முழுவதும் ஒரு ஹெலிகாப்டரைச் சுற்றவிட்டார்.

"லெஃப்டுல வர்து பாருங்க மேடம். கேக்குதா?"

"இல்ல தம்பி. இந்தப் பக்கம் வந்தாத்தான் கேக்குது."

காஷிஃப் ஒலியை நிறுத்தினார். "சார், மேடத்துக்குப் பொட்டி வாணாம். மொதல்ல காது டாக்டராண்ட இட்டுனு போங்க."

வெள்ளைத்துரை பேனாவைத் திறந்தார். 'விற்பனையாளர் தமது வரம்பை மீறி மருத்துவக் கருத்துத் தெரிவித்தார். நிராகரிக்கப்பட்டது.' கையெழுத்து. பச்சை.

"அந்தத் தம்பி சொல்றதும் சரிதானேங்க? போற வழியில பாத்துட்டுப் போயிரலாமே," என்றார் ஜெயபாரதி, தெருவில்.

"கொள்முதல் நடக்கும்போது இணை நடவடிக்கை கூடாது பாரதி."

வெள்ளைத்துரை மனைவிக்கு இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். பதில் ஜெயபாரதியை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் புதிதாக ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் ரிசீவர் வந்தது. பட்டியலில் மிகச் சரியாக நடுவில் இருந்தது. பாலகணேஷ் அதோடு வந்த சின்ன மைக்கை ஜெயபாரதியின் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தினார். "சவுண்டு எல்லாப் பக்கமும் சமமா வருதான்னு இதுவே கேட்டுச் சொல்லிடும் அங்கிள்."

பீப், பீப் என்று ஒவ்வொரு ஸ்பீக்கரும் குரல் கொடுத்தது. திரையில் முடிவு வந்தது: இடது, சரி, வலது, சரி. வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரதி, இப்ப நல்லாக் கேக்குதா?"

நாற்காலிக்குத் திரும்பியிருந்த ஜெயபாரதி அசையவில்லை.

"பாரதி!"

வெள்ளைத்துரை வலப்பக்கம் சுற்றி வந்த பிறகுதான், "கூப்பிட்டீங்களா?" என்றார் ஜெயபாரதி.

டிவியின் மீது குற்றமில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. எனவே முறைப்படி அது காது. வெள்ளைத்துரை வாக்குத் தவறாதவர். மறுநாளே மயிலாப்பூரில் காது டாக்டர் வஜீஹாவிடம் மனைவியை அழைத்துப் போனார். கோப்பையும்தான்.

பரிசோதனை முடிந்து டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இப்படியொரு கேள்விக்காகத்தானே ஒரு மனிதர் காலமெல்லாம் கோப்பு வைத்திருப்பது! வெள்ளைத்துரை நாடாவை அவிழ்த்து முதல் பக்கத்தை நீட்டினார். "ஜூன் பதினொண்ணு, காலையில. எழுத்துப்பூர்வமாவே இருக்கு மேடம்."

டாக்டர் வஜீஹா படித்தார். காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா அன்னைக்கே வந்திரணும் சார். முதல் ரெண்டு வாரத்துல மருந்து குடுத்திருந்தா திரும்பி வர நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இப்ப எட்டு மாசம் ஆச்சு. இனிமே இந்தக் காது திரும்பாது."

பிறகு காகிதத்தின் அடியில் விரல் வைத்தார். "இங்க பச்சை இங்க்குல ஒரு கையெழுத்து இருக்கே. யாரோடது?"

வெள்ளைத்துரையின் கை சட்டைப் பையில் இருந்த பேனாவை மூடிக்கொண்டது. "அது வந்து... அன்னைக்கு இருந்த அவசரத்துல... சரியாப் படிக்காம..."

டாக்டருக்கு நேராக வலது காதை வைத்து உட்கார்ந்திருந்த ஜெயபாரதிக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது.

"இவரோடதுதான் டாக்டர்," என்றார் அவர். "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாரு."